ஊர்ப்பெயரைத் திருத்துமுன் எழுதி வைப்போம்

(சங்கராபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூங்கில்துறைப்பட்டில் இருந்தே தொடங்குகிறேன். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர். சர்க்கரை ஆலையால் பெயர் வெளியே தெரிந்த ஊர். ஆற்றில் இறங்கவும் கடக்கவும் தோதான இடம் துறை. துறை உள்ள ஊருக்குத் துறைப்பட்டு என்ற பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் கல்யாணப் பத்திரிகைகளிலும் கடைப் பலகைகளிலும் செய்தித்தாள்களிலும் பாருங்கள், பாதிக்குப் பாதி 'மூங்கில்துரைப்பட்டு' என்று இடையின ரகரம் போட்டிருக்கும். ஒற்றை எழுத்தில் ஆற்றுத்துறை போய், குதிரையில் ஒரு துரை வந்து இறங்கிவிட்டார்.

இதை எழுதத் தெரியாதவர்கள் செய்த பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலத்தில் எழுதும்போது ரகரத்துக்கும் றகரத்துக்கும் ஒரே எழுத்துதான். வங்கிப் படிவம், ரயில் முன்பதிவு, செல்பேசி வரைபடம் என்று எல்லாவற்றிலும் ஊர்ப்பெயர் முதலில் ஆங்கிலத்தில் ஏறுகிறது. பிறகு யாரோ ஒருவர், அல்லது ஒரு மென்பொருள், அதைத் தமிழுக்குத் திருப்புகிறது. போகும்போது றகரம், வரும்போது ரகரம். ஊரைப் பார்த்திராதவர் திருப்பினால் இதுதான் நடக்கும். தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போவதால் வரும் கோளாறைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்குத் திரும்பி வரும் வழியில் நடக்கும் கோளாறைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு ஊர்ப்பெயர்கள் அதிகம் கெடுவது அந்தத் திரும்பும் வழியில்தான் என்பது என் கருத்து.

உடனே ஆங்கில எழுத்தின் மேல் பழியைப் போட்டுவிட வேண்டாம். பகண்டை கூட்டுரோடு எல்லோரும் போய்வரும் இடம். ஆங்கிலத்தில் அதை 'பி' போட்டுத் தொடங்குகிறார்கள். தமிழ்ப் பலகையில் 'பகண்டை' என்று மட்டும் இருந்தால், வெளியூர்க்காரர் அந்தப் பகரத்தைப் 'படம்' என்பதில் வரும் பகரமாகத்தான் ஒலிப்பார். வல்லினத்தை எந்த இடத்தில் மெலித்துச் சொல்ல வேண்டும் என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. தமிழருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. தேவபாண்டலம், கோமுகி இரண்டுக்கும் இதே கதைதான். ஆங்கில எழுத்தில் லகர ளகர ழகர வேறுபாடும் குறில் நெடிலும் கரைந்துபோகின்றன. தமிழ் எழுத்தில் ஒலியின் அழுத்தம் மறைந்துபோகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஊர்க்காரர் வாயில் இருக்கும் பெயர் ஏறக்குறையக் கிடைக்கிறது. அப்போதும் ஏறக்குறையத்தான்.

கச்சிராயபாளையத்தைச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கச்சிராயர் என்ற பட்டம் பெயரிலேயே இருக்கிறது. பேச்சில் அது 'கச்சராபாளையம்' ஆகிவிட்டது. எழுத்தில் கச்சிராயபாளையம், கச்சிராயப்பாளையம், கச்சிராபாளையம் என்று மூன்றும் புழங்குகின்றன. நடுவில் 'ப்' வருமா வராதா என்று தமிழாசிரியர்கள் இருவர் உட்கார்ந்தால் கடைசிப் பேருந்தைத் தவறவிடுவார்கள். நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மூன்றும் எங்கே, எந்தக் காலத்தில், யாரால் எழுதப்பட்டது என்று ஒரு தாளில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். தீர்ப்பு அதற்கு அப்புறம் வரட்டும்.

தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சியைப் பிறகு தேடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 தேதியிட்ட அரசாணை ஒன்று ஜூன் மாதம் வெளியே வந்தது. தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. எழும்பூரை 'எக்மோர்' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும் எத்தனை நாளைக்கு எழுதிக்கொண்டிருப்பது? ஆனால் பட்டியலைப் பிரித்துப் பார்த்தவர்கள் வேலூரில் நின்றுவிட்டார்கள். ஏகாரத்தைக் காட்ட இரண்டு 'இ' போட்டிருந்தார்கள். ஆங்கிலம் படித்த யாரும் அதை 'வீலூர்' என்றுதான் வாசிப்பார்கள். தமிழ் உச்சரிப்பைக் காப்பாற்றப் போன ஆணை, ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் வாயில் தமிழ்நாட்டில் இல்லாத ஓர் ஊரை உண்டாக்கிவிட்டது. ஊரெல்லாம் சிரித்தது. ஒரு வாரம் போல ஆனதும் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அந்தச் சிரிப்பில் ஒரு நல்ல கேள்வி அடிபட்டுப் போயிற்று என்பதுதான் என் வருத்தம். நெடிலுக்கு இரண்டு எழுத்துப் போடுவதா, மேலே கோடு போடுவதா, ஒன்றுமே போடாமல் விடுவதா என்பது நூற்றைம்பது வருஷத்துப் பழைய வழக்கு. 1870களில் வில்லியம் வில்சன் ஹண்டர் இந்திய ஊர்ப்பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத ஒரு முறையை வகுத்தார். அவருடைய இம்பீரியல் கெசட்டியர் 1881இல் முதன்முதலாக அச்சேறியபோது அந்த முறைதான் பயன்பட்டது. நெடிலுக்கு மேலே ஓர் அடையாளம், குறிலுக்கு ஒன்றுமில்லை. கல்கத்தா, பம்பாய் போல உலகம் பழகிவிட்ட பெயர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். சுருங்கச் சொன்னால், பெரிய ஊர் பிழையோடு வாழலாம், சின்ன ஊர் விதிப்படி நடக்க வேண்டும். அந்த விதியும் அச்சுக்கூடத்தில் அடையாளமிட்ட எழுத்து இருக்கும்வரைதான். தட்டச்சு வந்ததும் மேற்கோடு உதிர்ந்தது. சங்கராபுரத்தின் 'ரா' நெடில் என்று ஆங்கிலத்தில் எங்கேயும் தெரியாமல் போனது இப்படித்தான். வெளியூரில் இருந்து வரும் கடிதங்களில் நம்மூர் 'சங்கரபுரம்' ஆகிவிடுகிறது.

வெள்ளைக்காரர்கள் காது கேட்காமல் எழுதினார்கள் என்று நாம் சொல்லிக்கொள்வதிலும் பாதிதான் உண்மை. கார்ஸ்டின் என்ற அதிகாரி 1878இல் தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டை வெளியிட்டார். பிரான்சிஸ் 1906இல் அதே மாவட்டத்துக்குக் கெசட்டியர் எழுதினார். ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளில் நம் கள்ளக்குறிச்சி 'கள்ளக்குர்ச்சி' என்று வரும். நம் மலை 'கல்ராயன்' என்று வரும். படித்தவர்கள் இதைப் பார்த்ததும் 'கெடுத்துவிட்டான்' என்பார்கள். சந்தைக்குப் போய் நின்று கேளுங்கள். வேகமாகப் பேசுகிறவர் 'கள்ளக்குர்ச்சி' என்றுதான் சொல்கிறார். மலைக்குப் போகும் பேருந்தில் ஏறுகிறவர் 'கல்ராயன்மலைக்கு ஒரு டிக்கெட்' என்கிறார். அரசாங்கத் தமிழில் அது 'கல்வராயன்மலை'. இதில் யார் சரி? தமிழ்ப் பலகை எழுத்து மரபைக் காப்பாற்றியிருக்கிறது. கெசட்டியர் அந்தக் காலத்துப் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறது. இரண்டில் எதை அழித்தாலும் நமக்குத்தான் நஷ்டம்.

கல்வராயன் என்ற பெயருக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். கள்வர் தலைவன் என்பார் ஒருவர், கல் மலைக்கு அரையன் என்பார் இன்னொருவர். பொதுவாகவே ஊர்ப்பெயர் என்றதும் நம்மவர்களுக்கு விளக்கம் சொல்வதில் ஓர் ஆவேசம் வந்துவிடும். முனிவர் ஒருவர் வந்து வணங்கினார், ராஜா ஒருவர் வேட்டைக்கு வந்தார், பாண்டவர்கள் ஒளிந்திருந்தார்கள் என்று ஊருக்கு ஒரு கதை. கதைகளை எழுதி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கதைக்கு ஏற்றபடி எழுத்தைத் திருத்தாதீர்கள். திருக்கோவலூரைப் பாருங்கள். ஆழ்வார்கள் பாசுரத்தில் கோவலூர். இன்று பலகையில் திருக்கோவிலூர், திருக்கோயிலூர். கோவலூரின் பொருள் மங்கிப் போனபோது மக்கள் தங்களுக்குத் தெரிந்த கோவிலைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். பழைய பெயர் கோவலூர் என்பது உண்மை. அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்கள் கோவிலூர் என்று சொன்னதும் உண்மை. மலையமான்கள் ஆண்ட இந்தச் சீமையே கல்வெட்டுகளில் மலாடு என்றும் மிலாடு என்றும் வருகிறது. கல்லில் வெட்டினவர்களே ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்குத் தமிழில் நல்ல அடித்தளம் உண்டு. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' வீட்டுக்கு வீடு தெரிந்த நூல். பின்னால் கி. நாச்சிமுத்து போன்றவர்கள் இடப்பெயராய்வைத் தனித்துறையாகவே வளர்த்தார்கள். அவர்கள் அனைவரும் பெரும்பாலும் வேலை செய்தது எழுத்தில் ஏறிவிட்ட பெயர்களில். நான் பேச வந்தது எழுத்தில் ஏறாத பெயர்களைப் பற்றியும் சேர்த்து.

அதற்குமுன் ஒரு பக்கவாட்டுச் செய்தி. ஆங்கிலேயர் மட்டும் நம் ஊர்களை எழுதவில்லை. பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1880இல் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளை அமைத்தபோது ஊர்ப்பெயர்களைத் தங்கள் காதுப்படி எழுதினார்கள். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் எல்லாம் பிரெஞ்சு உடுப்பில் வந்தன. உழவர்கரை 'ஊல்கரே' ஆயிற்று. பிரெஞ்சு ஆட்சி போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்த நகராட்சிக்கு ரோமன் எழுத்தில் இன்றும் அந்தப் பிரெஞ்சுப் பெயர்தான். தமிழில் உழவர்கரை நகராட்சி. மண்ணாடிப்பட்டு ரோமன் எழுத்தில் 'பேட்' என்று முடிகிறது. பட்டு பேட்டை ஆகிவிட்டது. நமக்கு இது சிரிக்கிற விஷயம் அல்ல. அரசம்பட்டு, செம்பராம்பட்டு, புதுப்பட்டு, சேராப்பட்டு என்று நம் வட்டாரமே பட்டுகளால் ஆனது.

புதுச்சேரியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பகுதியின் கத்தோலிக்கப் பங்குகள் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த குருக்கள் 1776இல் இந்த மிஷனைப் பொறுப்பேற்றார்கள். அந்த வழியில் வந்த குருக்கள் தமிழ் கற்று, தமிழ்–பிரெஞ்சு அகராதியே அச்சிட்டார்கள். மூஸே, துப்புய் இருவருடைய அகராதி இன்றும் தேடிப் படிக்கப்படுகிறது. சங்கராபுரம் பக்கத்து விரியூர், உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூர், முகையூர் என்று பங்குகள் உள்ள ஊர்களில் ஞானஸ்நானப் பதிவேடு என்று ஒன்று உண்டு. குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், தேதி, பிறந்த இடம் எல்லாம் எழுதியாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 877ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

ஊர்ப்பெயர் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வருவாய்த்துறை நிலத்தை எழுதியது, திருச்சபை ஆளை எழுதியது. நிலத்துக்குச் சர்வே எண் போதும். ஆளுக்கு அவன் எந்தக் கொட்டாயில் இருந்து வருகிறான் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதியவர் காதால் கேட்டதை எழுதினார். எறையூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இறையூர் என்றும் எழுதுகிறார்கள். இலை எலை ஆவதும், இடம் எடம் ஆவதும் போல இறை எறை ஆவது தமிழ்ப் பேச்சின் வழக்கம். பேச்சைக் கேட்டு எழுதினவர் ஒரு விதமாக எழுதுவார், பண்டிதர் இன்னொரு விதமாக எழுதுவார். பழைய பதிவேடுகளைப் பூச்சி தின்னுமுன் பங்குத்தந்தையின் அனுமதியோடு ஊர்ப்பெயர்களை மட்டும், ஆட்பெயர்களைத் தொடாமல், ஆண்டு வாரியாக ஒரு தனி நோட்டில் எடுத்தெழுதலாம். கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எனக்குத் தெரியவில்லை.

பங்கு வாரியாக ஊர்ப்பெயர் எழுதிய வேலை உலகத்தில் ஓர் இடத்தில் பெரிதாகவே நடந்திருக்கிறது. அயர்லாந்து. 1824இல் பிரிட்டிஷ் அரசு அங்கே நில அளவையைத் தொடங்கியது. வரைபடத்தில் ஏற வேண்டிய சிற்றூர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். மக்கள் பேசுவது ஐரிஷ், வரைபடம் ஆங்கிலத்தில். 1830இல் ஜான் ஓ'டொனவன் என்ற ஐரிஷ் அறிஞரை வேலைக்கு அமர்த்தினார்கள். அவர் பல மாவட்டங்களில் நடையாய் நடந்து, பெரியவர்கள் வாயால் பெயரைச் சொல்லக் கேட்டு எழுதினார். பங்குக்குப் பங்கு பெயர்க் குறிப்பேடு தயாரானது. ஒரு பெயருக்கு அதுவரை கிடைத்த எழுத்தமைப்புகள் எல்லாம் ஒரு பக்கம். அது எந்த ஆவணத்தில், யாரிடம் இருந்து கிடைத்தது என்பது இன்னொரு பக்கம். வரைபடத்துக்குத் தேர்ந்தது தனியாக. இடத்தின் விவரம் அதோடு.

வரைபடத்தில் ஏறியது என்னவோ ஆங்கிலமாக்கிய பெயர்தான். அதைப் பற்றி ஐரிஷ்காரர்களுக்கு இன்றைக்கும் மனக்குறை உண்டு. ஆனால் குறிப்பேடு தப்பியது. பின்னாளில் ஐரிஷ் அரசு ஊர்களுக்கு ஐரிஷ் வடிவத்தைத் திரும்பக் கொடுக்க உட்கார்ந்தபோது அந்தக் குறிப்பேடுகளைத்தான் விரித்து வைத்துக்கொண்டது. தேர்ந்தெடுத்ததில் தவறு செய்தார்கள். தேர்ந்தெடுக்காததைக் குப்பையில் போடவில்லை. நம் 2020 ஆணைக்குப் பின்னால் அப்படி ஊருக்கு ஊர் ஒரு குறிப்பேடு எல்லோரும் பார்க்கும்படி இருந்திருந்தால், ஆணையைத் திரும்பப் பெற்ற பிறகும் வேலை நமக்கு மிஞ்சியிருக்கும்.

இனி சின்னப் பெயர்களுக்கு வருகிறேன்.

வருவாய்க் கிராமம் என்பது ஒரு கணக்கு. அதற்குள் மஜரா எனப்படும் உட்கிராமங்கள் உண்டு. அதற்கும் உள்ளே நம் வட்டாரத்துக்கே உரிய காட்டுக்கொட்டாய்கள். நிலத்தோடு குடியிருப்பவர்கள் நாலு வீடு, பத்து வீடு என்று கட்டிக்கொண்ட இடங்கள். ரேஷன் அட்டையில் 'காட்டுக்கொட்டாய்' என்று மட்டும் இருக்கும். எந்தக் காட்டுக்கொட்டாய் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் ஓட்டி வருகிறவருக்குத் தெரியாது. இரவில் ஒரு பிரசவ வலிக்கு 108க்குப் போன் போட்டுவிட்டு, பெரிய ரோட்டில் வந்து டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிற வீடுகள் இங்கே எத்தனை என்று இந்த அவையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

அதற்கும் உள்ளே நிலத்தின் பெயர். புஞ்சைக்கு ஒரு பெயர், கழனிக்கு ஒரு பெயர், ஏரியின் ஒவ்வொரு மதகுக்கும் ஒரு பெயர், பாறைக்கும் ஓடைக்கும் பெயர். இவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று கேட்டால் பழைய பத்திரங்களைச் சொல்வேன். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுங்கள். கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். சொத்து விவரம். 'இதற்குச் செக்குபந்தி' என்று ஆரம்பிக்கும். இன்னார் கொல்லைக்குக் கிழக்கு, ஓடைக்கு மேற்கு, வண்டிப்பாட்டைக்கு வடக்கு, ஆலமரத்து மேட்டுக்குத் தெற்கு, இதன் மத்தியில் இத்தனை ஏக்கர், இத்தனை சென்ட். அந்த நாலு திசையில் வருபவைதான் நான் தேடும் பெயர்கள். இப்போது தட்டச்சாகி வரும் பத்திரங்களில் நாலு பக்கமும் சர்வே எண்களே நிற்கின்றன. சட்டத்துக்கு அது துல்லியம். ஆனால் ஆலமரத்து மேடு அந்தக் குடும்பத்தின் தாளில் இருந்து ஒரே தலைமுறையில் இறங்கிப் போய்விடுகிறது. பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணை எழுதிவிட்டு, பக்கத்தில் பெயரையும் எழுதுங்கள். பக்கத்துக்கு ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

வடசெட்டியந்தல், மாமனந்தல் போன்ற பெயர்களில் கடைசியில் வரும் 'அந்தல்' ஏந்தலின் பேச்சு வடிவம். ஏந்தல் என்றால் நீர் தேங்கும் ஏரி, தாங்கல். இந்தப் பெயரைத் திருத்துகிறேன் என்று யாராவது பலகையில் கை வைத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. தூய்மைப்படுத்தி 'ஏந்தல்' என்று எழுதினால் ஊர்க்காரருக்கே அடையாளம் தெரியாது. 'அந்தல்' என்று மட்டும் விட்டால் அங்கே ஒரு ஏரி உண்டு என்பது, ஏரியைப் பிளாட் போட வருகிறவருக்கு வசதியாக, மறந்துபோகும்.

மலைக்கு மேலே விஷயம் இன்னும் கனமானது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, கிளாக்காடு, மணியார்பாளையம், தொரடிப்பட்டு என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் சாலையில் இருப்பவை. சாலையை விட்டு உள்ளே போனால் நமக்குத் தெரியாத பெயர்கள். சடையகவுண்டன், குறும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் நெடுங்காலம் இருந்த மலை இது. 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தும், 1976இல்தான் அரசு இந்த நிலங்களைக் கையில் எடுத்தது. கீழே தாலுகா முழுக்கச் சர்வே கல் நட்டு, அ பதிவேடு எழுதி, புலப்படம் வரைந்து தலைமுறைகள் கடந்த பிறகுதான் அரசின் காகிதம் மலைக்கு முறையாக ஏறியது. காகிதம் வரும்வரை நிலத்தை அடையாளம் சொன்னது பெயர் மட்டுமே. இந்தப் பாறை வரைக்கும், அந்த ஓடை வரைக்கும், தெய்வம் இருக்கும் அந்தச் சோலை வரைக்கும் என்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்தபின் அந்தப் பெயர்களுக்குச் சட்டத்தின் கண்ணிலும் மதிப்பு வந்திருக்கிறது. உரிமை கோருகிறவர் எதையெல்லாம் சான்றாகத் தரலாம் என்று அதன் விதிகளில் 13ஆம் விதி சொல்கிறது. கிணறு, இடுகாடு, புனித இடம் போன்ற அடையாளங்கள் சான்று. கோரிக்கையாளர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிவான வாக்குமூலமும் சான்று. ஒரு மலையாளிப் பழங்குடிக் கிழவர் 'எங்க ஆளுங்க மாடு மேய்ச்சது இந்தக் கணவாயில இருந்து அந்தக் குட்டை வரைக்கும்' என்று சொல்லும்போது, கணவாய்க்கும் குட்டைக்கும் இருக்கும் பெயர் எழுத்தில் சரியாக ஏறவில்லை என்றால், கோப்பைப் பார்க்கும் அதிகாரி அதை வரைபடத்தில் எங்கே தேடுவார்? பெயர் இல்லாத பாறை, எல்லை இல்லாத பாறை. கீழ்நாட்டில் நமக்கு ஊர்ப்பெயர் ஆராய்ச்சி ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருக்கலாம். மலையில் அது நில ஆவணம்.

மலையாளி என்றேன். அரசமைப்புச் சட்டத்தின் பழங்குடிப் பட்டியலில் நம் மலை மக்களின் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர்களும் இருக்கின்றன. அதில் 'தென்னார்க்காடு' என்று இருக்கிறது. தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்துபோனது. நாம் விழுப்புரம் ஆனோம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி ஆனோம். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே மூன்று மாவட்டம் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு மாவட்டத்தின் பெயர் இன்றைக்கும் ஒரு சமூகத்தின் சாதிச் சான்றிதழுக்கு அடிப்படையாக இருக்கிறது என்றால், பழைய பெயரைப் பதிந்து வைப்பதன் அவசியத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மாற்றவே வேண்டிய பெயர்களும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு ஒருதலைப்பட்சமாகிவிடும். ஊர் என்றும் காலனி என்றும் பிரித்து எழுதி வைத்த வழக்கம் நமக்குப் பெருமை தருவதல்ல. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் குடியிருப்பு, தெரு, நீர்நிலை ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றும் அரசாணை வந்தது. நல்லது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. புதுப் பெயரை யார் சொல்வது? அங்கே குடியிருப்பவர்களுக்குத் தங்கள் இடத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் வைத்தது வேறு, அவர்களே தங்களுக்குள் சொல்வது வேறு. பூப்பெயரும் தலைவர் பெயரும் கொண்ட பட்டியலோடு போவதற்குமுன், குறிப்பேட்டோடு போய் அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் முறை. இழிவான பழைய பெயரைப் பலகையில் இருந்து எடுத்துவிடலாம். ஆய்வுக் குறிப்பேட்டில் அது இருக்கட்டும். அப்படி ஒரு பெயர் வைக்கப்பட்டிருந்தது என்பதும் நாளை ஒருவர் படிக்க வேண்டிய வரலாறுதான்.

சரி, எப்படிச் செய்வது? பெரிய திட்டம், பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஒரு பெயருக்கு ஒரு தாள். தலைப்பில் ஊர்க்காரர் சொன்னபடியே பெயர், பேச்சு வழக்கில். 'கெணத்துமேடு' என்று சொன்னால் கெணத்துமேடு என்றே எழுத வேண்டும். கிணற்றுமேடு என்று எழுதுகிறவரை அந்த வேலையில் இருந்து அனுப்பிவிடலாம். அதன் கீழே பலகையில் உள்ளது, பட்டாவில் உள்ளது, பள்ளிச் சான்றிதழில் உள்ளது, பத்திரத்தில் உள்ளது, ஆங்கிலத்தில் கண்ட வடிவங்கள் எல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ஆவணம் என்றால், யானைத்துதிக்கை போட்ட பழைய 'லை' 'ணை' எழுத்துகளை அப்படியே படம் எடுத்து ஒட்டி வையுங்கள். கால அடையாளம் அதில் இருக்கிறது. சொன்னவர் அந்த ஊரில் பிறந்தவரா, வாழ்க்கைப்பட்டு வந்தவரா, என்ன வேலை செய்கிறார் என்ற குறிப்பும் வேண்டும். செல்பேசியில் குரல் பதிவு கட்டாயம். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் சேர்ந்தும் காட்டாததைக் குரல் காட்டிவிடும்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சொந்த அபிப்பிராயம் உண்டு. ஊர்ப் பெரியவரிடம் மட்டும் போகாதீர்கள். அவர் தல புராணம் சொல்வார். நாற்று நடப் போகும் பெண்களிடம் கேளுங்கள். நாளைக்கு எந்தக் கழனியில் வேலை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது பெயரை வைத்துத்தான். ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். ஏரிக்குத் தண்ணீர் திருப்பும் வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது 'இது கிணற்றுமேடுதானே' என்று விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்காதீர்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிடுவார்கள்.

ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதுங்கள். கணினிக்கு ஒரே எழுத்து வேண்டுமே என்று அதிகாரிகள் கேட்பார்கள். கணினிக்கு வேண்டியது எண். மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக் குறியீட்டெண் உண்டு. எண் மாறாமல் இருந்தால் பெயர் எத்தனை வடிவத்தில் இருந்தாலும் கணினிக்குக் குழப்பம் வராது. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஊர்கள் எண்ணாலேயே பிரித்தறியப்படும். பெயரை நெருக்கிப் பிடித்து ஒரே சட்டைக்குள் திணிக்க வேண்டிய தொழில்நுட்பக் கட்டாயம் இன்றைக்கு இல்லை.

எழுதி முடித்த தாள்களை ஊரின் முன் வைக்க வழி இருக்கிறது. வருஷத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. ஒரு கூட்டத்தில், செலவுக் கணக்கு வாசித்து முடித்ததும், அந்த ஊராட்சியின் இடப்பெயர்களை உரக்க வாசித்துவிடுங்கள். 'அது அப்படி இல்லப்பா' என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் வாசிக்கச் சொல்கிறேன். பட்டாவில் ஏறிவிட்ட எழுத்துப்பிழைக்கு ஜமாபந்தியில் மனுக் கொடுக்கலாம். குறிப்பேட்டுத் தாளின் நகலை மனுவோடு இணைத்தால் தாசில்தாருக்கும் வேலை எளிது. மூன்று படி எடுத்து ஒன்றைப் பள்ளியிலும், ஒன்றைக் கிளை நூலகத்திலும், ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் வைக்கலாம். வெள்ளத்துக்கும் கரையானுக்கும் ஒரே நேரத்தில் மூன்றும் பலியாகாது.

கடைசியாக இந்த வேலையில் இறங்கும் மாணவர்களுக்கு ஒன்று. குரல் பதிவுகளைச் சேமிக்கும்போது கோப்புக்குப் 'புதூர்', 'புதுப்பட்டு' என்று பெயர் வைக்காதீர்கள். இந்த ஒரு மாவட்டத்தில் எத்தனை புதூர் என்று உங்களுக்கே தெரியும். கிராமக் குறியீட்டெண், சர்வே எண், தேதி, அதன் பிறகு பெயர். இந்த வரிசையில் வைத்தால் பத்து வருஷம் கழித்து வேறொருவர் திறந்து பார்க்கும்போதும் எந்தப் புதூர் என்று தேட வேண்டியிருக்காது.